கற்பூர இலை வடித்த நாள்

அரும்பாவூரில் எந்தச் சிற்பக் கூடத்துக்குள் நுழைந்தாலும் வாகைத் தூள் மூக்கில் ஏறும். நாலு தும்மல் போட்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். ஒரே கட்டையில், ஒட்டுப் போடாமல், பெருமாளையும் பிள்ளையாரையும் செதுக்கி எடுக்கும் ஊர். 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், முகத்தில் கட்டும் துண்டின் ஓரத்தில் இரண்டு சொட்டு நீலகிரி தைலம் விட்டுக்கொண்டுதான் உளியைத் தொடுவார். போன மாசியில் அவர் என்னிடம் கேட்டார்:

"நம்ம பக்கம் பூரா ஆர்.எஸ்.பதி மரம் நிக்குது. லாரி லாரியா பேப்பர் மில்லுக்குப் போவுது. அதுல ஒரு சொட்டு தைலத்த நாமளே வீட்டுல எடுக்க முடியாதா தம்பி?"

தைல பாட்டிலின் பெயரே மரத்தின் பெயராகிவிட்ட பக்கம் எங்களுடையது. ஆனால் அந்த மரத்திலிருந்து தைலம் எடுத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பங்குனி பிறந்ததும் உதகைக்குப் பஸ் ஏறினேன்.

மலையில் அந்த யூக்கலிப்டஸைக் கற்பூர மரம் என்கிறார்கள். 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். குளிரில் விறகுக்கு அலைந்த வெள்ளைக்காரர்கள் பிறகு மலை மலையாக நட்டார்கள். மஞ்சூர் போகும் சாலையில், ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து காய்ச்சுகிறார்கள். தைலம் வடிக்க ஓடை எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அக்கா விடியற்காலையிலேயே மரத்தடிக்குக் கூட்டிப் போனார். "மரத்துல கை வைக்கமாட்டோம். தானா விழுந்த இலைதான்." அரிவாள் போல் வளைந்த, காய்ந்து பழுத்த இலைகள். வாரிக் குவித்துச் சாக்கில் திணிப்பதுதான் வேலை என்று நினைத்தேன். நடுநடுவே அவர் ஒரு பிடி இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். சில குவியலை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தார். மழையில் ஊறிய இலையில் வாசம் செத்திருக்குமாம். அதை அண்டாவில் போட்டால் விறகுதான் நட்டம். என்னிடம் இரண்டு இலையைக் கசக்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே மணத்தன. மூன்றாவது சாக்கு நிரம்பும்போதுதான் பிடிபட்டது: நல்ல இலை கண்ணில் நீர் வரவைக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் அக்காவின் கை நின்றது, மறுபடி வாரியது.

கொட்டகையில் பெரிய செம்பு அண்டா. அடியில் தண்ணீர், அதற்கு மேல் தட்டு, அதன் மேல் இலை. அண்ணன் உள்ளே இறங்கிக் காலால் மிதித்து அமுக்கினார். மூடியைப் போட்டு இடுக்கெல்லாம் களிமண் பூசினார்கள். மூடியிலிருந்து கிளம்பும் குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் முழுகிப் போகிறது. அந்தத் தொட்டிக்குத்தான் ஓடை.

கற்பூர இலையின் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல். தனியாகக் காய்ச்சினால் 176 டிகிரியில்தான் அது கொதிக்கும். ஆனால் நீராவி துணைக்கு வந்தால் நூறு டிகிரிக்குக் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது. இலையைக் கருக்காமல் அதன் உயிரை மட்டும் உருவும் வழி இதுதான். இந்தக் கணக்கெல்லாம் அக்காவுக்குத் தேவைப்படவில்லை. குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சுட்டால் தீயை இழுக்க வேண்டும், இல்லையென்றால் தைலம் ஆவியாகவே பறந்துவிடும். எரிப்பதற்கும் வெளி விறகு கிடையாது, நேற்றைய சக்கைதான்.

முதலில் சொட்டியது வெண்மையாகக் கலங்கிய தண்ணீர். டின்னில் அது தெளியத் தெளிய, மேலே மெல்லிய மஞ்சள் ஏடு மிதந்தது. அடியிலிருக்கும் வளைகுழாய் தண்ணீரை மட்டும் வெளியேற்ற, ஏடு தடித்துக்கொண்டே வந்தது. நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம். பொழுது சாயும்வரை காய்ந்தது.

விலை வியாபாரி சொல்வதுதான். சீனத்திலிருந்து மலிவாக எண்ணெய் வந்து இறங்குகிறது, அதுவும் நீலகிரி என்ற பெயரோடு விற்கிறது. போதாததற்கு, அயல் மரங்களை மலையிலிருந்து அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. சோலைக்காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணமில்லை. நீரூற்றுகளை இந்த மரம் குடித்திருக்கிறது. ஆனால் மரத்தோடு சேர்த்து இந்தக் கொட்டகையும் போகும் என்றால், அக்காவின் அந்த மூக்குக்கு வேறென்ன வேலை தருவோம் என்பதை இப்போதே யோசித்தாக வேண்டும். மரம் போன பிறகு யோசிப்பது அநியாயம்.

கிளம்பும்போது ஒரு சின்ன பாட்டில் வாங்கிக்கொண்டேன். "உள்ளுக்குக் குடுத்துராத தம்பி, பிள்ளைங்க கைக்கு எட்டவே கூடாது, அடுப்புப் பக்கமும் வைக்காத" என்றார் அக்கா. பிறகு வீட்டில் செய்யும் வழியையும் சொல்லிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினேன். அடியில் தண்ணீர், அதில் எங்கள் தைல மரத்து இலை, நடுவில் ஒரு கல்லும் அதன் மேல் கிண்ணமும். மூடியைக் கவிழ்த்துப் போட்டு, அந்தக் குழியில் ஐஸ் கட்டி. ஆவி மூடியில் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். உருகின ஐஸைக் கொட்டிக் கொட்டி மாற்றினேன். இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்தில் அரை டம்ளர் வாசனைத் தண்ணீர். அதன் மேல் வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும் ஒரு மினுமினுப்பு. எங்கள் பக்கத்து மரம் வேறு இனம், எண்ணெய் குறைவு, பானையும் சிறியது.

பாட்டிலையும் கிண்ணத்தையும் பெரியவர் முன்னால் வைத்தேன். பாட்டிலை முகர்ந்து தலையாட்டி ஓரமாக வைத்தார். கிண்ணத்துத் தண்ணீரில் துண்டின் நுனியை நனைத்து, முகத்தில் கட்டி, இழுத்து மூச்சு விட்டார். வாகைக் கட்டையில் உளி இறங்கியது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மரம் வெட்டுற எடத்துல தழை சும்மாதான் கெடக்கு தம்பி," என்றார், துண்டுக்குள்ளிருந்து. "கட்டையத்தான் லாரி ஏத்துறான். நாளைக்கு ஒரு சாக்கு கொண்டாரட்டுமா?"