மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்

மைக்ரோடோனல் கிட்டார் என்றதும் நம்மவர்களுக்குக் கமகம்தான் ஞாபகம் வரும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே உள்ள இடங்களைத் தொடத்தானே அது என்பார்கள். அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். சாதாரணக் கிட்டாரிலேயே கம்பியை இழுத்தால் அந்த இடங்கள் பல கிடைத்துவிடும். வீணையில் காலங்காலமாகச் செய்வதும் அதுதான். கார்ட் பிடிக்கும்போதுதான் சிக்கலே. எல்லாக் கம்பிகளும் ஒன்றாக ஒலிக்கையில், ஒன்றை மட்டும் இழுத்துச் சரிக்கட்ட விரல்களுக்கு வசதியில்லை.

ஈ மேஜரை எடுத்துக்கொள்வோம். கிட்டார் கற்க வந்தவர்கள் ஆரம்பத்திலேயே பிடிக்கும் கார்ட். அதில் மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட் ஜி ஷார்ப். ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் அது அந்தர காந்தாரம். தம்பூராவைச் சுத்தமாகச் சுருதி சேர்த்து மீட்டினால், மந்தர ஸட்ஜத்திலிருந்து ஒரு காந்தாரம் தானாக எழும். அந்த சுயம்பு காந்தாரத்தைவிடக் கிட்டாரின் காந்தாரம் 14 சென்ட் கூடுதல். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் 100 சென்ட் என்று கணக்கு. தனியாக வாசித்தால் இந்த 14 பெரிதாகத் தெரியாது. அடிக்கம்பியோடு சேர்ந்து ஒலிக்கும்போது, விநாடிக்கு மூன்று தடவைக்குச் சற்று மேலாக ஒலி ஏறி இறங்கி அலையும். காது பழகிவிட்டதால் அந்த அலைச்சலையே கிட்டாரின் குரல் என்று எடுத்துக்கொள்கிறோம்.

துருக்கியின் மக்காம் இசையைக் கிட்டாரில் வாசிக்க விரும்பிய தோல்கஹான் சோவுலு என்ற கலைஞர் 2008-இல் ஒரு கிட்டாரை வடிவமைத்தார். ஃப்ரெட் குறுக்கே முழுநீளக் கம்பியாக ஓடாது. ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் தனிப்பள்ளம்; அதில் நகரும் குட்டி ஃப்ரெட்டுகள். வேண்டுமானால் கூடுதலாகவும் செருகலாம், கழற்றவும் செய்யலாம். 2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நடத்தும் கத்மன் போட்டியில் இதற்கு முதல் பரிசு கிடைத்தது.

அந்த வகைக் கிட்டார் ஒன்று கைக்கு வந்ததும், மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டைத்தான் நான் முதலில் தொட்டேன். தலைப்பக்கமாக ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தள்ளி, ஈ மேஜரை மீட்டினேன். அலைச்சல் நின்றுவிட்டது. ஆறு கம்பிகள் என்று பிரித்துக் கேட்கவே முடியவில்லை; ஒரே மணியின் நாதம்போல நின்றது.

சந்தோஷத்தோடு அடுத்து எஃப் மைனருக்குப் போனால் வந்தது வினை. முதல் ஃப்ரெட்டில் பாரே போட்டால், அதாவது ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்தினால், அதே கம்பி, அதே இடம். ஆனால் இப்போது அது ஏ ஃப்ளாட், எஃப்-இன் சாதாரண காந்தாரம். சுத்தமாக ஒலிக்க அது 16 சென்ட் ஏற வேண்டும். நானோ 14 சென்ட் இறக்கி வைத்திருக்கிறேன். கார்ட் புளித்துப்போய்க் கேட்டது. இரண்டையும் திருப்திப்படுத்த இன்னொரு ஃப்ரெட் செருகலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்தான் சந்து. மேல் ஸ்வரத்துக்கு அந்தச் சந்துக்குள்ளும், கீழ் ஸ்வரத்துக்கு அதற்கு முன்னாலும் அழுத்த வேண்டும். பாரே போட்டிருக்கும் ஆள்காட்டி விரலுக்கு அவ்வளவு நாசூக்கு கிடையாது.

இந்தப் பஞ்சாயத்து இன்றைய கிட்டாருக்கும் முந்தியது. லூட் வாத்தியத்தில் ஃப்ரெட் என்பது கழுத்தில் கட்டிய நரம்பு, நகர்த்திக்கொள்ளலாம். விஞ்ஞானி கலீலியோவின் தந்தை வின்சென்ஸோ கலீலி, 1581-இல் வெளியிட்ட நூலில், லூட்டின் ஃப்ரெட்டுகளுக்கு 18-க்கு 17 என்ற ஒரே விகிதத்தைச் சொன்னார். எல்லாக் கார்டுக்கும் தவறைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் வழி அது.

ஃப்ரெட்டுகளை இரட்டிப்பாக்கினால் தீருமா? கிங் கிஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட் என்ற ஆஸ்திரேலியக் குழு, 2017-இல் வெளியிட்ட ‘ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா’ ஆல்பத்துக்கு அப்படிப்பட்ட கால்ஸ்வரக் கிட்டார்களைப் பயன்படுத்தியது. ஸ்தாயிக்கு 24 ஸ்வரம். மேஜர், மைனர் இரண்டிலும் சேராத 350 சென்ட் காந்தாரம் அதில் கிடைக்கும். சந்தோஷமா சோகமா என்று தீர்மானிக்க முடியாத ஒரு கார்ட். ஆனால் பழைய ஈ மேஜரின் 14 சென்ட் அப்படியேதான் இருக்கும். 31 பங்காகப் பிரித்தால் அந்தப் பிழை ஒரு சென்ட்டுக்கும் கீழே போகும். அதற்கு விலை, சாதாரணக் கிட்டாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட் இருக்கும் இடத்தைத் தாண்டினால், அடுத்ததற்கு 7 மில்லிமீட்டர் இடைவெளிதான். விரல் அதைவிடத் தடிமன்.

ஆகவே சாதாரணக் கிட்டாரை இனி யாரும் மட்டம் தட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தச் சுருதிக்குத் தாவினாலும் அது ஒரே அளவு தவறுகிறது. அந்தத் தவறு இருப்பதால்தான் தாவவே முடிகிறது. மைக்ரோடோனல் கிட்டார் வாங்கியவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஒரே சுருதியில் நான்கு கார்டோடு முடியும் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அந்த நான்குக்கு மட்டும் ஃப்ரெட்டை நகர்த்துங்கள், எஃப் மைனர் பக்கம் போகாதீர்கள். பாட்டு நடுவில் சுருதி மாறும் என்றால், பழைய கிட்டாரையே எடுங்கள்.