பந்தலும் சேவும்

ஹாஸ்டலில் படித்தவனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அப்பா அம்மா ஜோசியரைக் கேட்டு வைத்த பெயரெல்லாம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரோடு சரி. 1999-ல் மதுரையில் ஒரு ஹாஸ்டலில் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் சாத்தூர் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் 'சேவு' ஆகிவிட்டேன். பக்கத்துப் பாய்க்காரனுக்கு ஊர் பந்தல்குடி. அதனால் அவன் 'பந்தலு'.

பந்தல்குடி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அருப்புக்கோட்டையைத் தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் போனால் வரும். மேலே கரிசல், சீமைக்கருவேலம், வானம் பார்த்த கம்பும் பருத்தியும். கீழே சுண்ணாம்புக்கல். அதை வெட்டி சிமெண்டுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் சுவரில்கூடக் கொஞ்சம் பந்தல்குடி இருக்கலாம் ஸார், யார் கண்டது?

ஒரு காலாண்டு லீவுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். லாரி போகும் ரோட்டோர மரமெல்லாம் பவுடர் பூசின மாதிரி வெள்ளையாக நின்றது. அவன் அம்மா கம்மங்கூழைச் செம்பு நிறைய ஊற்றி, "ஏய்யா, வெக்கப்படாமக் குடி. அங்க என்னத்தப் போடுறாகளோ!" என்றார். ஹாஸ்டல் உப்புமாவைப் பற்றி அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் எப்படி நண்பர்கள் ஆனோம் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ரசனை ஒத்துப் போகவில்லை. அவன் கபடி, நான் கேரம். ஒரே பக்கெட், ஒரே சோப்பு, அவன் அம்மா கொடுத்துவிடும் எள்ளுருண்டை, என் ஊர்ச் சேவு. இவ்வளவுதான் சங்கதி.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் சும்மா ஒரு நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் கூடிக் கழிக்க வேண்டுமாம். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு தினம் அரை மணி நேரம் சாப்பிட்டால் 200 மணி நேரம் சேர 400 வேலை நாள் ஆகும். அதற்குள் அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிடும். ஹாஸ்டலில்? தூங்கும் நேரம் போக ஒரு நாளைக்கு 14 மணி நேரம். பதினைந்தே நாள்! எங்களுக்கு ஏழு வருஷம் கிடைத்தது.

பிளஸ் டூவில், 2005 டிசம்பரில், அரையாண்டுப் பரீட்சை நேரம். ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டலுக்கு போன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, உடனே வரச் சொன்னார்கள். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன். பந்தலு ஒன்றும் கேட்கவில்லை. என் சட்டையைச் சரி பண்ணி, கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். சாத்தூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பிழைக்கவில்லை. மறுநாள் சுடுகாட்டில், கொள்ளிக்குடம் தூக்கத் தெம்பில்லாமல் தள்ளாடிய என்னை இடுப்போடு பிடித்துக்கொண்டே சுற்றி வந்தது அவன்தான். அவனுக்கு அன்றைக்குக் கணக்குப் பரீட்சை.

இவனையா பிரிந்தீர்கள் என்று கேட்காதீர்கள். சண்டையே கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் பிரிவது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. அந்தச் சீமையிலேயே இருக்கும் திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி மதுரையில் அண்ணனின் படிப்புச் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ரயிலேறினார். ரமண மகரிஷி ஆனார். சிறுவயதுத் தோழர் விளாச்சேரி ரங்கன், பிற்பாடு திருவண்ணாமலைக்குத் தேடிப்போய்ப் பார்த்தார். அவர் பிரிந்ததற்கு ஞானம் காரணம். நாங்கள் பிரிந்ததற்கு சிம் கார்டு.

ஆமாம் ஸார். நான் பி.காம்., அவன் ஐ.டி.ஐ. அப்புறம் நான் சென்னை, அவன் திருப்பூர். போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்ற வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில். அதற்குள் அவன் மூன்று நம்பரும் நான் இரண்டு நம்பரும் மாற்றியிருந்தோம். ஆர்குட்டில் பிடித்தோம். 2014-ல் ஆர்குட்டையே மூடிவிட்டார்கள். அப்புறம் கல்யாணம், குழந்தை, இ.எம்.ஐ.

2024 ஆவணியில் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பந்தல்குடியில் டீ குடிக்க இறங்கினேன். விசாரித்தேன். ஊருக்கே திரும்பி வந்து லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். கிரீஸ் கையோடு வந்து நின்றான். "நல்லாருக்கியா மாப்ள?" "நல்லாருக்கேன். எத்தன புள்ளைக?" "ரெண்டு. ஒனக்கு?" "ஒண்ணு." பேச்சு நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளம்பும்போது சொன்னான்: "வர்ற கார்த்திகையோட அப்பாவுக்குப் பத்தொம்பது வருசம் ஆகுதுல்ல? அம்மாவ அன்னிக்குத் தனியா விட்றாத மாப்ள."

எங்கள் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு தெரியும்?

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் ஞாபகம் இருக்கும். நிலைத் தவணை முறையில் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்தால், சொத்து மதிப்பு ஒருநாள் பூஜ்யமாகிவிடும். குறைந்து செல் இருப்பு முறை அப்படி இல்லை. மிச்சத்தில்தான் சதவிகிதம் கழிப்பார்கள். ஆயிரம் ரூபாய் சாமானுக்கு வருஷம் 10 சதவிகிதம் கழித்தாலும் 18 வருஷம் கழித்து 150 ரூபாய் நிற்கும். எத்தனை வருஷம் ஓட்டினாலும் பூஜ்யம் வராது. ஹாஸ்டல் சிநேகிதத்தை இந்த முறையில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் போனிலும் 'ஹாஸ்டல்' என்று அடைமொழி போட்டு ஒரு நம்பர் தூங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டுப் பாருங்கள். நாலு நிமிஷத்தில் பேச்சு தீர்ந்தால் தீரட்டும். ஒரே ஒரு ஜாக்கிரதை: எடுத்த எடுப்பிலேயே "கடன் கேக்கக் கூப்பிடலடா" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த நாலு நிமிஷமும் கிடைக்காது.