நல்ல கிருமியும் கோதுமை மாவும்



நான் வைத்தியன் அல்லன். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். என்னிடம் ஓத வரும் மாணவன் ஒருவனுக்குச் சீலியாக் நோய். அவனுடைய உம்மா ஒரு தூள் பக்கெட்டைக் காட்டி, "மௌலவி, இதில நல்ல கிருமி இருக்காம். இதைக் குடுத்தா புள்ளைக்குத் திரும்பப் பாண் குடுக்க ஏலுமா?" என்று கேட்டார். டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். "ஏலவே ஏலாது" என்றாராம் அவர்.

ஏன் ஏலாது? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் எனும் புரதம் இருக்கிறது. இந்நோயுள்ள பிள்ளை அதை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் மெல்லிய முளைகள் தேய்ந்துவிடும். பிள்ளை சாப்பிடும், ஆனால் உடம்பில் ஒட்டாது. வயிறு ஊதும், இரத்தம் குறையும், வளர்த்தி நிற்கும்.

இதைக் கண்டறிந்தவர் வில்லெம் டிக்கே எனும் ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர். 1930களிலேயே அவருக்குக் கோதுமைமீது சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் அந்நாட்டில் பாணுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. ஊரெல்லாம் பட்டினியால் வாட, இந்நோயுள்ள பிள்ளைகளோ தேறினார்கள்! பாண் திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தம் முடிவுகளை ஆய்வேடாக வெளியிட்டார். இன்றுவரை குளுட்டனை விலக்குவதுதான் இதற்கு வைத்தியம்.

அப்படியானால் நல்ல கிருமிக் கதை பொய்யா? பொய்யல்ல. இப்பிள்ளைகளின் குடலில் பிஃபிடோபக்டீரியா எனும் நன்மை செய்யும் கிருமிகள் குறைந்திருப்பதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவற்றைக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் ஓரளவு பலனும் தெரிந்தது. ஆனால் அவையெல்லாம் உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்ந்த துணைதான். அதற்குப் பதிலாகப் பாணை அனுமதிக்கும் தூள் எதுவும் இல்லை. இன்னொன்று கேளுங்கள்: 2015இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இத்தகைய 22 தயாரிப்புகளைச் சோதித்தபோது, 12இல் குளுட்டனே இருந்ததாம்! பக்கெட்டின் பின்புறத்தை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

வெறும் தயிர் தாராளமாகக் கொடுக்கலாம், பால் ஒத்துக்கொண்டால். அது உணவு, மருந்தல்ல.

நம் அடுப்படியில்தான் கஷ்டம். இடியப்பமும் பிட்டும் பல வீடுகளில் கோதுமை மாவில்தான். ரவை, சேமியா, சமோசா, ரோல்ஸ் எல்லாம் அதுவே. அரிசி மாவுக்கு மாறினாலும், கோதுமை மா பட்ட சல்லடையையும் இடியப்ப உரலையும் அந்தப் பிள்ளைக்குப் பாவிக்கக் கூடாது. சிறு துகளும் குடலுக்குப் பகை. நோன்புக் கஞ்சி அரிசியில் காய்ச்சுவது; ஆனால் கடையில் வாங்கும் தூள்களைப் பார்த்துப் போடுங்கள். ஒரு பிள்ளை ஓதி முடித்தால் எங்கள் மதரஸாவில் பணிஸ் பகிர்வது வழக்கம். இப்போது எல்லோருக்கும் பேரீச்சம்பழம்தான்.

உங்கள் பிள்ளைக்கு இந்நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் இரத்தத்தைச் சோதித்தால் நோய் மறைந்து நிற்கும். முதலில் டொக்டரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். பாணை நிறுத்துவது அதற்குப் பிறகு.