கோட்டைக்குள் பள்ளிக்கூடம்

ஜூன் மாதக் காலை. வேளிமலை உச்சியை மழைமேகம் மூடியிருக்கிறது. பத்மநாபபுரம் கோட்டைச் சுவரின் கருங்கல் இடுக்குகளில் ஈரம் கசிகிறது. சாலையோரம் ஒதுங்கி நிற்கிறேன். அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள்.

பேத்தியின் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி வருகிறார். சுவரோரம் நின்று, பிள்ளையின் முகத்தை முந்தானையால் துடைக்கிறார். பையைத் திறந்து நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். ஒன்றின் ஓரம் நனைந்திருக்கிறது. அதையும் அதே முந்தானையால் ஒற்றியெடுத்து நடுவில் செருகுகிறார். "பைய போ மக்ளே." பிள்ளை அதற்குள் ஓடிவிட்டது.

முந்தானைக்கும் நோட்டுக்கும் சேர்த்தே போராடிய மண் இது.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இந்தக் கோட்டைதான். மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று 1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. ஆனால், அந்த ஆணை எல்லாக் குடிசைகளுக்கும் போய்ச் சேரவில்லை. அரசுப் பள்ளிகளின் கதவு பல சாதிகளுக்கு நெடுங்காலம் சாத்தியே இருந்தது. அவர்களில் பலருக்கு எழுத்தைக் கொண்டுவந்தவை மிஷன் பள்ளிகள். ராணியின் ஆணைக்கு முன்பே, 1806-ல், மிஷனரி ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து மயிலாடியில் பணியைத் தொடங்கியிருந்தார். 1819-ல் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பெண்களின் மேலாடை உரிமையை எதிர்த்து 1820-களில் வெடித்த தோள்சீலைக் கலவரங்களில் வழிபாட்டுக் கூடங்களோடு பள்ளிகளும் எரிக்கப்பட்டன. எரித்த பிறகும் மக்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள்.

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோட்டைக்குள் இருக்கும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்துவிட்டது. பள்ளிகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் கன்னியாகுமரி.

மணி அடிக்கிறது. பாட்டி இன்னும் போகவில்லை. பிள்ளைகள் வரிசையில் நிற்பதைக் கம்பிக் கதவின் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே நேரம் அரண்மனை வாசலில் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கிறது. மன்னர்களின் கதையைச் சொல்ல அங்கே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். மரத்தூணும் மூலிகை ஓவியமும் பத்திரமாக இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். இந்த ஊர்ப்பிள்ளைகள் எழுத்துக்கு வந்து சேர்ந்த கதையும் அதே அளவு பெரியது. அது நம் ஊர்ப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் கிடக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளை எந்த ஆண்டு முதன்முதலாகப் பள்ளி வாசல் மிதித்தது என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. மழையும் செல்லும் அவற்றை அரித்துவிடும்.

பழைய மாணவர்களே, உங்கள் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் பேசி, அந்தப் பதிவேடுகளைப் பாதுகாக்க வழி செய்யுங்கள். ஊரில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, உங்கள் பள்ளியின் வரலாற்றை எழுதி வையுங்கள்.