முதல் வரியை எழுதுவது யார்?

கண்டி நகரம் பரவுவதற்கு இடமில்லை. சுற்றிலும் மலைகள்; அவற்றுக்கப்பால் மகாவலியின் வளைவு. 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நகரின் நடுப்பகுதியில் நினைத்தபடி கட்டவும் இயலாது. ஆகவே நகரம் கிழக்கே, நான் ஆசிரியத் தொழில் புரியும் குண்டசாலையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மன்னன் நரேந்திரசிங்கன் மாளிகை அமைத்து வாழ்ந்த மண் இன்று பேர்ச்சஸ் கணக்கில் துண்டாடப்படுகிறது. சமநிலம் பணம் படைத்தவனுக்கு, சரிவு மற்றவனுக்கு. அடைமழையில் சரிவு இடிந்து வீடு புதைந்தால் அதற்கு இயற்கையின் சீற்றம் என்று பெயர்.

இதனை என் மாணவர்களுடன் ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தேன். நூறு ஏக்கர் நிலம். 40 ஏக்கர் சமநிலம், 60 ஏக்கர் சரிவு. பத்துப் பேர்ச்சஸ் வீதம் 400 தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். வீதிகளைச் சேர்க்காமலே அதற்கு 25 ஏக்கர் தேவை. "விற்பனை வருமானம் உச்சமாக வேண்டும்" என்று முதல் வரியை எழுதினோம். சமநிலம் முழுவதும் மாளிகைகளுக்கும் விடுதிகளுக்கும் போயிற்று. 400 குடும்பங்களும் சரிவில் ஏறின. "சரிவில் வீடு கூடாது" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தோம். 25 ஏக்கர் சமநிலம் தொழிலாளருக்குத் திரும்பிற்று, வருமானம் குறைந்தது. அந்தக் குறைவுதான் அவர்தம் உயிர்ப் பாதுகாப்பின் விலை. அந்த விலையைத் தர மறுப்பவர் யார் என்பதே கேள்வி.

இம்முறைக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். 1939இல், லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் சிக்கலொன்றைத் தீர்க்கப் புகுந்த கணித அறிஞர் கன்டொரோவிச் இதற்கு வழி கண்டார். ஒவ்வொரு பற்றாக்குறைக்கும் மறைந்த விலையொன்று உண்டென்று அவர் காட்டியதை அந்நாட்டுப் பொருளாதாரவாதிகள் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். 1975இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆயிரக்கணக்கான காணித்துண்டுகளுக்கு இக்கணக்கை இன்று கணினி நொடியில் போட்டுவிடும். ஆனால் முதல் வரியை அது எழுதாது.

"ஐயா, எங்கள் லயம் இந்தக் கணக்கில் எங்கே?" என்று தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். உறுதிப்பத்திரம் இல்லாதவன் நில வரைபடத்தில் உரிமையாளனல்லன். ஆகவே கணக்கில் அவன் பூச்சியம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களின் பேரப்பிள்ளை அவள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது.

மண்சரிவு அபாய வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டுள்ளது. ஆகவே அறியாமை என்று இனிச் சொல்ல இடமில்லை. நகரத் திட்டம் எதனைப் பெருக்க எண்ணுகிறது, எந்த நிபந்தனைகளை ஏற்கிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் சந்தியில் ஒட்டட்டும். கணக்கு தெரிந்த நாம், நண்பர்களே, அதைப் படித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.