குளக்கரையில் கற்ற பாடம்

நொய்யல் ஆற்றின் நீரால் நிறையும் குளங்கள் நம் கோவைக்கு அணிகலன்கள். அவற்றுள் ஒன்றான சிங்காநல்லூர்க் குளத்தை, நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக 2017-ஆம் ஆண்டு மாநகராட்சி அறிவித்தது. அங்குப் பணிபுரியும் சூழல் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து ஆய்வு செய்யும் வாய்ப்பு எங்கள் வகுப்பில் 12 பேருக்குக் கிடைத்தது.

சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கே கரையில் கூடுவோம். கூழைக்கடா, நீர்க்காகம், மடையான் என்று எண்ணிக் குறிப்பேட்டில் பதிவோம். ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியுள்ளது என்றும் குறிப்போம். வீடுகளின் கழிவுநீரிலுள்ள சத்துகளால் அது செழிக்கிறது. நீர்ப்பரப்பை மூடி ஒளியைத் தடுக்கிறது. நீரில் உயிர்க்காற்று குறைந்து மீன்கள் மடிகின்றன. அம்மீன்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு.

ஒருநாள் மீன் விற்கும் பாட்டி ஒருவர், “ஏனுங் அம்மிணி, நோட்டு நோட்டா எழுதிட்டுப் போறீங்களே, எங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம். மக்களிடம் திரும்பாத அறிவு, குதிரிலேயே மக்கிப்போகும் நெல்லைப் போன்றதன்றோ!

அடுத்த வாரமே எங்கள் கணக்கை எளிய தமிழில் பெரிய தாளில் எழுதி, கரையோரத் தேநீர்க் கடையில் ஒட்டினோம். மீனவர்கள் கூடிப் படித்தனர். எந்த மாதத்தில் எந்த மீன் குறைகிறது என்று அவர்கள் கூறியவை எங்கள் குறிப்பேட்டில் ஏறின. பாட்டியும் இரண்டு செய்திகள் சொன்னார்.

தங்கைகளே, அடுத்த ஆண்டு அக்குறிப்பேடு உங்கள் கைக்கு வருகிறது. பாட்டியின் கேள்வியை அதன் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

பதினோராம் வகுப்பு மாணவியர்