சமவெளியில் ஓர் இமயம்

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வெளிவந்தது 2023 நவம்பரில். பனிமலைக்கென வடிவமைத்த இவ்வண்டியை ஓட்டிப் பார்க்க எங்கள் இருவருக்கும் வாய்த்ததோ, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்லும் சமவெளிச் சாலை. முறை வைத்து ஓட்டினோம்.

நிற்கையில் மிரட்டும் 196 கிலோ எடை, உருளத் தொடங்கியதும் மறந்துபோகிறது. 452 சிசி எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் சற்றே தயங்குகிறது. வேகம் கூடியபின் சீறுகிறது. ஏரிக்கரை மண்தடத்தில் எழுந்து நின்று ஓட்டினோம். 21 அங்குல முன்சக்கரம் குழிகளைப் பொருட்படுத்தவேயில்லை.

ஆனால் 17 லிட்டர் கலனும் 230 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் ஊர் வேகத்தடைகளுக்காக அல்லவே! போகாத மலைக்கும் சேர்த்தல்லவா விலை கொடுக்கப்போகிறோம் என்ற உறுத்தல் கடற்கரைவரை கூடவே வந்தது.

மாமல்லபுரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்றோம். அருச்சுனன் தவம் என்பர் சிலர், கங்கை இறங்கிய காட்சி என்பர் சிலர். எதுவாயினும் களம் இமயமே. 7ஆம் நூற்றாண்டில் கடலோரக் கருங்கல்லில் அதைச் செதுக்கிய பல்லவச் சிற்பிகளில் எத்தனை பேர் அம்மலையைக் கண்டிருப்பர்? இன்று அதே தொண்டைமண்டலத்து ஆலைகளில் அதன் பெயரால் வண்டி செய்கிறார்கள். காணாத மலைமீதான ஏக்கம் இந்நிலத்துக்குப் புதிதல்ல. எனினும் சிற்பிகள் கண்ட பலன் கல்லில் நிற்கிறது. நாம் காணும் பலன் பயணத்தில்தான் இருக்கமுடியும். பணம் கட்டுமுன் மலைக்குப் புறப்படும் தேதியைக் குறித்துக்கொள்வதென்று முடிவு செய்தோம்.